ஒரு குறுக்கீட்டுக்கு யார் பொறுப்பு? கர்னலில் இன்டரப்ட் ஒதுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காட்பாடியில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் வகுப்புக்கு, சென்ற மாதம் இரண்டு குழுவினர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதல் குழுவில் நான்கு பொறியியல் மாணவர்கள். ஏஆர்எம் கோர் உள்ள ஒரு சிறு போர்டுக்குத் தங்கள் சொந்தக் கர்னலை (இயங்குதளத்தின் உட்கருவை) எழுதிக்கொண்டிருப்பவர்கள். இரண்டாவது குழு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து தரும் ஒரு சிறு பட்டறையினர். பழைய கணினியை எடுத்துவிட்டு லினக்ஸ் ஓடும் புதிய கணினியை வைக்கப்போகிறார்கள், அதற்குரிய டிரைவர்களையும் (சாதனங்களை இயக்கும் நிரல்களையும்) தாங்களே எழுதுகிறார்கள். "சார், ஒரே லைன்ல ரெண்டு டிரைவர் உக்காரலாமா, கூடாதா?" என்று மாணவர் ஒருவர் கேட்டதற்கு, "உட்காரலாம், ஆனால் சண்டை வந்தால் யார் எழுந்து போவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலை விரித்து எழுதினால் இந்தக் கட்டுரை.

"என்னைக் கவனி" என்று ஒரு சாதனம் செயலிக்கு அனுப்பும் சைகைதான் இன்டரப்ட்; அதைக் குறுக்கீடு என்றே எழுதுகிறேன். லைன் (சைகை வரும் கம்பி), வெக்டர் (குறுக்கீட்டை அடையாளம் காட்டும் எண்), மாஸ்க் (குறுக்கீட்டைத் தற்காலிகமாக மூடிவைப்பது), ரெஜிஸ்டர் (சாதனம் தன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடம்), கோர் (செயலிக்குள் நிரலை ஓட்டும் ஓர் அலகு) ஆகியவற்றை எல்லோரும் சொல்கிறபடியே விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

இந்தக் கேள்வியை எடுத்தவுடன் பலரும் வேகத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள். என் பட்டியலில் வேகம் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. முதல் இடம் இந்தக் கேள்விக்கு: ஒரு குறுக்கீடு வந்து, எந்த டிரைவரும் அதைத் தன்னுடையது என்று ஏற்காவிட்டால், அந்தக் கேடு எவ்வளவு தூரம் பரவும்? சாதனங்கள் பழுதாகும், டிரைவர்கள் பாதியில் சாகும், ஈரத்தில் கனெக்டர்கள் துருப்பிடிக்கும். அந்த நேரத்தில் ஒரு சாதனத்தோடு பழுது நிற்கிறதா, பக்கத்துச் சாதனத்தையும் சேர்த்து இழுக்கிறதா என்பதை ஒதுக்கீட்டு முறைதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, தாமதம், அதிலும் சராசரி அல்ல, மிக மோசமான நேரத்தில் ஏற்படும் தாமதம். மூன்றாவது, எத்தனை மூலங்களுக்கு இடம் உண்டு என்பது. நான்காவது, போர்டு மாறும்போதும் கார்டு மாறும்போதும் எவ்வளவு நிரலைத் திருத்த வேண்டும் என்பது. ஐந்தாவதை யாரும் எழுதி வைப்பதில்லை: நாம் அங்கு இல்லாத இரவு இரண்டு மணிக்கு, ஷிப்டில் இருப்பவர் தொலைபேசியில் படித்துக் காட்டும் இரண்டு வரி லாக்கிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது.

## முதல் வழி: லைன் ஒன்றுக்கு ஒரே உரிமையாளர்

எந்தச் சாதனம் எந்த எண்ணில் குறுக்கிடும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, ஓர் எண்ணை ஒரே டிரைவருக்கு மட்டும் கொடுப்பது மிகப் பழைய வழி. 1981இன் ஐபிஎம் பிசியில் 8259 சிப் ஒன்று எட்டு லைன்களை நிர்வகித்தது. 1984இன் ஏடி கணினியில் இரண்டு சிப்களைத் தொடுத்து, பயன்படக்கூடிய லைன்களைப் பதினைந்தாக்கினார்கள். டைமருக்கு 0, விசைப்பலகைக்கு 1, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4 என்று எழுதாத சட்டமாகவே அது நிலைத்தது. மூன்றாவது சீரியல் போர்ட்டும் 4ஐத்தான் கேட்கும்; இரண்டையும் ஒன்றாக ஓட்ட முயன்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்றைய ஏஆர்எம் போர்டுகளில் இதே முறை நாகரிகமான வடிவில் இருக்கிறது. ஜிஐசி எனப்படும் கட்டுப்பாட்டுச் சிப்பில் 0 முதல் 15 வரை கோர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்பவை, 16 முதல் 31 வரை அந்தந்தக் கோருக்குச் சொந்தமானவை, 32 முதல் 1019 வரை எல்லோருக்கும் பொதுவான சாதனக் குறுக்கீடுகள். எந்தச் சாதனத்துக்கு எது என்பதை டிவைஸ் ட்ரீ கோப்பு சொல்கிறது. மாணவர்களின் முதல் வாரம் முழுவதும் இங்கேதான் போயிற்று. டிவைஸ் ட்ரீயில் பொதுக் குறுக்கீட்டின் எண்ணை எழுதும்போது 32ஐக் கழித்து எழுத வேண்டும். சிப் கையேட்டில் 129 என்றிருப்பதை 97 என்று எழுத வேண்டும். அவர்கள் 129 என்றே எழுதிவிட்டு, குறுக்கீடே வரவில்லை என்று மல்டிமீட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வரும் எண்ணில் 1 என்றால் ஏறுமுனையில், அதாவது லைன் கீழிருந்து மேலே ஏறும் கணத்தில் மட்டும் குறுக்கீடு, 4 என்றால் உயர்நிலையில் இருக்கும்வரை குறுக்கீடு. நிலை அடிப்படையில் இயங்கும் சாதனத்துக்குத் தவறி 1 எழுதிவிட்டால், பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நொடியில் ஊமையாகிவிடும். முதல் வேலை முடியும் முன் இரண்டாவது வேலை வந்து லைன் கீழே இறங்காமலே இருந்துவிடுவதால், ஏறுமுனை மறுபடி வருவதே இல்லை.

முதல் அளவுகோலில் இந்த வழிக்கு முழு மதிப்பெண். ஒரு லைன் ஓயாமல் கத்தினால் குற்றவாளி யார் என்பதில் ஐயமே இல்லை. அந்த லைனை மாஸ்க் செய்துவிட்டால் மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். டிரைவர்களைக் கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்களைப் போலப் பயனர் தளத்தில் ஓட்டும் மைக்ரோகர்னல்கள் இதை இன்னும் கறாராகச் செய்கின்றன. எஸ்இஎல்4 கர்னலில் ஒரு குறுக்கீட்டைக் கையாளும் உரிமையே ஒரு கைமாற்றக்கூடிய பத்திரம் போன்றது. அதை வைத்திருப்பவர் வேலையை முடித்து ஒப்புகை சொல்லும்வரை அந்தக் குறுக்கீடு மீண்டும் திறக்கப்படாது. டிரைவர் இறந்துவிட்டால் அவருடைய லைன் மட்டும் மூடிக் கிடக்கும்.

மறைவான செலவு போர்டு மாறும்போது தெரியும். இரண்டாவது பதிப்பில் ஒரு பின்னை (சிப்பின் இணைப்புக் காலை) நகர்த்தினால் டிவைஸ் ட்ரீயையும் மாற்ற வேண்டும். பழைய போர்டுகள் களத்தில் இருந்தால் இரண்டு கோப்புகளையும் ஆண்டுக்கணக்கில் பராமரிக்க வேண்டும். பின்கள் போதாமல் எம்சிபி23017 போன்ற பதினாறு பின் விரிவாக்கியை மாட்டினால், அந்தப் பதினாறுக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ லைன்தான் பிரதான சிப்புக்கு வரும். "ஒருவருக்கு ஒன்று" என்ற ஒழுங்கு அங்கேயே குலைந்து, பகிர்வு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

## இரண்டாவது வழி: ஒரே லைனில் பல டிரைவர்கள்

கணினிக்குள் கார்டுகளைச் செருகும் பொதுப் பாதையான பிசிஐ பஸ் வந்தபோது லைன்கள் நான்குதான், சாதனங்களோ பல. எனவே லைனை நிலை அடிப்படையில் வைத்து, யார் வேண்டுமானாலும் கீழே இழுக்கலாம், எல்லோரும் விட்டால்தான் மேலே ஏறும் என்று அமைத்தார்கள். கர்னல் ஒரு லைனுக்குப் பல டிரைவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, குறுக்கீடு வந்தவுடன் ஒவ்வொருவரிடமும் "உன்னுடையதா?" என்று கேட்கிறது. லினக்ஸ் ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகும் பட்டியலின் கடைசிவரை போகும். நிலை அடிப்படையிலான லைனில் முதல் ஆமாவிலேயே நிறுத்தினாலும் பிழையில்லை, மற்றவருக்கு வேலை மிச்சமிருந்தால் லைன் கீழேயே இருந்து மறுபடி கூப்பிடும். முனை அடிப்படையிலான லைனில் அப்படி நிறுத்தினால் ஒருவருடைய அழைப்பு காணாமல் போகும்.

ஒவ்வொரு டிரைவரும் பதில் சொல்வதற்குத் தன் சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். பஸ்ஸைக் கடந்து படிக்கும் அந்த ஒரு வாசிப்புக்குப் பல நூறு நானோநொடி முதல் ஒரு மைக்ரோநொடிக்கு மேலும் ஆகலாம். ஐந்து பேர் இருந்தால் ஐந்து வாசிப்பு. ஏரிப் பாசனத்தில் கடைமடைக்காரர்தான் முதலில் காய்வார். இங்கே பட்டியலில் கடைசியாகப் பதிவான டிரைவருக்கு அந்த நிலைமை.

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் அமைத்த கணினியில் நெட்வொர்க் கார்டும், டிஜிட்டல் உள்ளீட்டுக் கார்டு ஒன்றும் ஒரே 17ஆம் எண்ணில் விழுந்திருந்தன. பார்த்தேன், ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். ஒரு நள்ளிரவில் உள்ளீட்டுக் கார்டு பழுதாகி லைனைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதன் டிரைவர் தன் ரெஜிஸ்டரைப் படித்துவிட்டு "என்னுடையது இல்லை" என்றது. நெட்வொர்க் டிரைவரும் அதையே சொன்னது. லினக்ஸ் இதை எண்ணிக்கொண்டே இருக்கும்: ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் யாரும் ஏற்காதவையாக இருந்தால், "ஐஆர்க்யூ 17: நோபடி கேர்டு" (17ஆம் குறுக்கீட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று ஒரு வரி எழுதிவிட்டு லைனையே அடைத்துவிடும். அடைத்த பிறகு நொடிக்குப் பத்து முறை மட்டும் டிரைவர்களைத் தட்டிப் பார்க்கும். அதனால் நெட்வொர்க் முழுவதுமாகச் சாகவில்லை; பிங் அனுப்பினால் பதில் வருவதற்கு நூறு மில்லிநொடி வரை எடுத்தது, ஓட்ட அளவிகளின் கணக்கு விட்டுவிட்டு வந்தது. கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். குற்றம் செய்யாத கார்டைப் பிடித்து விடியும்வரை விசாரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே படித்துக் காட்டியிருந்தால் தூங்கப் போயிருக்கலாம்.

இன்னொரு மறைவான செலவும் உண்டு. பழைய பிசிஐயில் குறுக்கீட்டு லைன் தரவுப் பாதையிலிருந்து தனியே செல்வது. அதனால் சாதனம் நினைவகத்தில் எழுதிய தரவு வந்து சேரும் முன்பே குறுக்கீடு வந்துவிடக்கூடும். டிரைவர் ஒரு ரெஜிஸ்டரைப் படித்து, வழியில் நிற்கும் தரவை முன்னே தள்ளிய பிறகே அதைத் தொட வேண்டும். இதை மறந்த டிரைவர் மாதம் ஒரு முறை மட்டும் தப்பு செய்யும்.

இவ்வளவு சொன்னாலும், மெதுவான சாதனங்கள் பல, லைன்கள் சில என்ற இடத்தில் பகிர்வைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே வகைக் கார்டின் நான்கு போர்ட்டுகளை ஒரே டிரைவர் ஆளும்போது பகிர்வில் தவறும் இல்லை. பழுது வந்தாலும் அது ஒரே வீட்டுக்குள் நடக்கும் சண்டை.

## மூன்றாவது வழி: லைனுக்குப் பதில் செய்தி

பிசிஐ 2.2 விதிகளோடு வந்த எம்எஸ்ஐ முறையில் லைனே கிடையாது. சாதனம் குறிப்பிட்ட ஒரு முகவரியில் குறிப்பிட்ட ஓர் எண்ணை எழுதுகிறது. அந்த எழுத்தே குறுக்கீடு. பின்னால் வந்த எம்எஸ்ஐ-எக்ஸ் இதை விரித்தது: எம்எஸ்ஐயில் ஒரு சாதனத்துக்கு அதிகபட்சம் 32 வெக்டர்கள், எம்எஸ்ஐ-எக்ஸில் 2048. செய்தி தரவு செல்லும் அதே பாதையில் தரவுக்குப் பின்னால் வருவதால், முன்சொன்ன முந்திக்கொள்ளும் சிக்கல் எழுவதில்லை. வெக்டர் யாருடையது என்பதில் ஐயம் இல்லாததால், "உன்னுடையதா?" என்று கேட்கும் ரெஜிஸ்டர் வாசிப்பும் பெரும்பாலும் தேவையில்லை. முதல் வழியின் ஒழுங்கும், எண்ணிக்கையில் தாராளமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நெட்வொர்க் கார்டும் என்விஎம்இ வட்டும் கோர் ஒன்றுக்கு ஒரு வரிசை, வரிசை ஒன்றுக்கு ஒரு வெக்டர் என்று பிரித்துக்கொள்கின்றன.

இதைக் கேட்டவுடன் "அப்படியானால் இதுதான் விடை" என்று எழுந்துவிட வேண்டாம். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் வகையான எக்ஸ்86இல் கோர் ஒன்றுக்கு வெக்டர்கள் 256தான். முதல் 32 செயலியின் பிழைநிலைகளுக்குப் போய்விடும், இன்னும் சில கர்னலுக்கே வேண்டும். ஒரு சாதனம் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் பெரிய கணினியில் பஞ்சம் வரும். கோர்களை நிறுத்தும்போது அவற்றின் வெக்டர்களை மிச்சமுள்ள கோர்களில் திணிக்க இடம் இருக்காது. லினக்ஸ் 4.15இல் எக்ஸ்86 வெக்டர் ஒதுக்கீட்டையே மாற்றி எழுதினார்கள். இப்போது முதலில் முன்பதிவு மட்டும் நடக்கிறது, டிரைவர் உண்மையிலேயே குறுக்கீட்டைக் கேட்கும்போதுதான் வெக்டர் கைக்கு வருகிறது. கல்யாண மண்டபத்தில் பெயர் எழுதிய நாற்காலிகளைக் காலையிலிருந்தே காலியாகப் போட்டு வைக்காமல், ஆள் வரவர இலை போடுவது போல.

பழைய எம்எஸ்ஐயின் 32 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அவை இரண்டின் அடுக்குகளாகவும் அடுத்தடுத்தும் இருக்க வேண்டும். எக்ஸ்86 லினக்ஸில் குறுக்கீட்டு மறுவழிப்படுத்தும் வன்பொருள் (வரும் குறுக்கீட்டுச் செய்திகளைச் சரிபார்த்து உரிய இடத்துக்குத் திருப்புவது) இல்லாவிட்டால் ஒன்றுதான் கிடைக்கும். வெக்டரைத் தனித்தனியே மாஸ்க் செய்யும் வசதி எம்எஸ்ஐ-எக்ஸில் கட்டாயம், எம்எஸ்ஐயில் விருப்பம். கார்டு வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. பாதுகாப்பும் ஒரு கேள்வி: நினைவகத்தில் எழுதத் தெரிந்த எந்தச் சாதனமும் அந்த முகவரியில் எழுதி இன்னொருவர் பெயரில் குறுக்கிட முடியும். சாதனத்தை மெய்நிகர் கணினிக்கோ நம்பிக்கையற்ற டிரைவருக்கோ ஒப்படைப்பதாக இருந்தால், மறுவழிப்படுத்தும் வன்பொருள் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

## நான்காவது வழி: குறுக்கிட விடாமல் நாமே போய்ப் பார்ப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பெரும்பாலும் கணக்கே முடிவு செய்துவிடும். சீரியல் போர்ட்டில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் எழுத்து ஒன்றுக்கு 1.04 மில்லிநொடி, பதினாறு எழுத்துகள் கொள்ளும் 16550 சீரியல் சிப்பின் தாங்கல் நிரம்ப 16.7 மில்லிநொடி ஆகும். பத்து மில்லிநொடிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தாலே ஓர் எழுத்தும் தவறாது, குறுக்கீடே வேண்டாம். அதே சிப்பை 115200இல் ஓட்டினால் 1.39 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதே கடிகாரத்தோடு போனால் பெரும்பகுதி தரவு காணாமல் போகும்.

மறுமுனையில், பாக்கெட்டுகள் வெள்ளமாக வரும் நெட்வொர்க்கிலும் இதுவே நல்லது. லினக்ஸின் நாப்பி முறை இரண்டையும் கலக்கிறது: முதல் பாக்கெட் குறுக்கிடும், உடனே குறுக்கீட்டை மூடிவிட்டுச் சுற்றுக்கு வழக்கமாக 64 வரை அள்ளும், வரத்து குறைந்ததும் மீண்டும் திறக்கும். முழுநேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும் முறைக்கு ஒரு கோரைப் பலிகொடுக்க வேண்டும். வேலூர் மே மாதத்தில், விசிறி இல்லாத பெட்டிக்குள் ஒரு கோர் நூறு விழுக்காடு ஓடிக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒருவருக்கு ஒரு லைன் | பகிர்ந்த லைன் | செய்தி வெக்டர் | போய்ப் பார்ப்பது |
|---|---|---|---|---|
| பழுது பரவுமா | பரவாது | லைனில் உள்ள எல்லோருக்கும் | பெரும்பாலும் பரவாது | பரவாது |
| மோசமான தாமதம் | குறைவு, கணிக்கலாம் | பட்டியல் நீளத்தைப் பொறுத்தது | குறைவு | பார்க்கும் இடைவெளி அளவு |
| இடம் | பின்களின் அளவே | லைன் குறைவானாலும் போதும் | தாராளம், கோருக்கு வரம்பு உண்டு | கேள்வியே இல்லை |
| வன்பொருள் மாறினால் | விவரக் கோப்பைத் திருத்த வேண்டும் | பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம் | தானே கண்டுகொள்ளும் | நேரக் கணக்கைத் திருத்த வேண்டும் |
| இரவு இரண்டு மணிச் சோதனை | எளிது | கடினம் | எளிது | நடுத்தரம் |

## எல்லா வழிகளையும் குறுக்கே வெட்டும் ஒரு முடிவு

குறுக்கீடு யாருக்கு என்பது தீர்ந்தாலும், டிரைவரின் வேலை எங்கே நடக்கும் என்பது மிச்சமிருக்கிறது. லினக்ஸ் 2.6.30இலிருந்து கையாளும் வேலையைத் தனி த்ரெட்டாக (கர்னல் தனியே முறைவைத்து ஓட்டும் வேலையாக) ஓட்டலாம். வழக்கமாக ஃபிஃபோ எனப்படும் நிகழ்நேர வரிசை முறையில் 50ஆம் முன்னுரிமை கிடைக்கும். நேரம் தவறாமல் இயங்க வைக்கும் நிகழ்நேரத் திருத்தங்கள் (பேட்ச்) 2024இல் 6.12 வழியாகப் பிரதானக் கர்னலில் சேர்ந்த பிறகு, அவற்றை இயக்கினால் இதுவே பொது விதி. ஐ2சி என்ற மெதுவான இரண்டு கம்பி இணைப்பு வழியாகப் பேசும் பின் விரிவாக்கிக்கு த்ரெட் கட்டாயம், ஏனெனில் அந்தப் பேச்சு முடியும்வரை டிரைவர் தூங்க வேண்டியிருக்கும்; குறுக்கீட்டு நிலையில் தூங்க முடியாது. த்ரெட் முடியும்வரை லைனை மாஸ்க்கிலேயே வைத்திருக்கச் சொல்லும் ஒன்ஷாட் கொடியை, பகிர்ந்த லைனில் ஒரு டிரைவர் போட்டு இன்னொன்று போடாவிட்டால், இரண்டாவதாக வருபவருக்குக் கழித்தல் 16 என்ற பிழை எண்தான் பதிலாக வரும். பட்டறையினர் எனக்கு அனுப்பிய முதல் ஸ்கிரீன்ஷாட்டிலேயே அந்த எண் இருந்தது.

எந்தக் கோர் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. குறுக்கீடுகளைக் கோர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற நிரல் பத்து நொடிக்கு ஒரு முறை பார்த்து மாற்றி வைக்கும். பொதுவான வேலைக்கு அது போதும். மோட்டார் கட்டுப்பாடு போல நேரம் தவறக்கூடாத ஒன்று இருந்தால் அதை மட்டும் கையால் ஒரு கோரில் கட்டிவைத்து, மற்றவற்றை அங்கிருந்து விலக்கினால் சரி.

## இரண்டு குழுவினருக்கும் நான் சொன்னது

பட்டறையினருக்குச் செய்தி வெக்டர். நெட்வொர்க்குக்கு எம்எஸ்ஐ-எக்ஸ் உள்ள கார்டு, சீரியலுக்கு எம்எஸ்ஐயாவது உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. பழைய உள்ளீட்டுக் கார்டு மலிவு என்பதற்காக அதை மீண்டும் தூக்கி வைக்க வேண்டாம். அதை வைத்தே தீர வேண்டுமென்றால், அது விழும் லைனில் வேறு எதுவும் இல்லை என்பதை லினக்ஸ் குறுக்கீடுகளைப் பட்டியலிடும் ப்ராக் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) கோப்பில் பார்த்து உறுதிசெய்த பிறகே பெட்டியை மூட வேண்டும். அவர்களுடைய மீட்டர்கள் சீரியலில் 9600 வேகத்தில் பேசுவதால், அவற்றுக்கு டைமர் வைத்துப் பார்ப்பதே போதும் என்றேன். அவர்களுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது, ஒப்புக்கொள்ளவில்லை.

மாணவர்களுக்கு ஒருவருக்கு ஒரு லைன். ஆனால் ஒரு நிபந்தனை: இன்று பகிர்வு இல்லாவிட்டாலும், கையாளும் ஃபங்ஷன் "என்னுடையது" அல்லது "என்னுடையது இல்லை" என்ற பதிலைத் திருப்பித் தரும்படி முதல் நாளே எழுத வேண்டும். லினக்ஸில் அந்த ஃபங்ஷன்கள் எதையும் திருப்பித் தராமல்தான் இருந்தன, 2003இல், 2.5 வளர்ச்சித் தொடரில் அதை மாற்றியபோது கர்னலின் மூலநிரலோடு இருந்த டிரைவர்களையெல்லாம் தொட வேண்டியிருந்தது. இவர்களிடம் இப்போது இருப்பவை ஆறு டிரைவர்கள். ஏற்பார் இல்லாத குறுக்கீடுகளை எண்ணும் ஓர் எண்ணியையும், வரம்பு தாண்டினால் அந்த லைனை மட்டும் மாஸ்க் செய்யும் பத்து வரியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை போர்டைக் கொண்டு வருகிறார்கள். பின் விரிவாக்கியின் குறுக்கீட்டு லைன் தாழ்நிலையில் இயங்குவது. ஒரு ஜம்பர் வயரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை கிரவுண்டிலும் செருகிவிட்டு, சீரியல் திரையில் எழுத்துகள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்று பார்க்கப் போகிறோம்.